நிலைப்படிக்கு இந்தப் பக்கம்

அவள் போகிற அலுவலகங்களில் அவளுக்கு நாற்காலிக்காரம்மா என்று பேர். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும், நாற்காலிக்காரம்மா வந்தாச்சு, எல்லாரும் நிமிர்ந்து உட்காருங்கப்பா என்று சிரிப்பு கேட்கும். பதினொரு வருஷமாகக் கேட்கிறது.

கணினி முன்னால் நாள் முழுக்க உட்காருகிறவர்களின் நாற்காலி, மேசை, திரை, வெளிச்சம் எல்லாவற்றையும் அளந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, நான்கு பக்கப் படிவத்தில் எழுதி மதிப்பெண் போடுவது அவள் வேலை. மதிப்பெண் ஏழைத் தாண்டினால் அந்த ஆளுக்கு நிறுவனம் நல்ல மேசை நாற்காலி தர வேண்டும். முன்பு அலுவலகங்களுக்கு மட்டும் போனாள். அங்கே லிஃப்ட் இருந்தது. பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு, வீடு வீடாகப் படியேறுகிறாள். தோள்பையில் டேப், வெளிச்சம் அளக்கும் கருவி, மாதிரிக்கு ஒரு கால்பலகை. அந்தப் பை தொங்கித் தொங்கி, இரண்டு வருஷமாக வலது கை காதுக்கு மேலே எழும்புவதில்லை. இடது கையால்தான் தலை வாருகிறாள். ஊரார் முதுகையெல்லாம் நிமிர்த்திட்டு வர்றியே, உனக்கு யாரு மார்க் போடறது என்று புருஷன் கேட்பார். பதில் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

அளக்க ஆள் வருகிறது என்றால் யாருமே தாங்கள் உட்காருகிற மாதிரி உட்கார்வதில்லை. பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கிற நாள் போல விறைத்துக்கொண்டு உட்காருவார்கள். அதனால் அவள் வந்ததும் அளப்பதில்லை. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க என்று சொல்லிவிட்டு, பின்னால் உட்கார்ந்து எதையோ எழுதுவாள். இருபது நிமிஷம். அதற்குள் முதுகு தளர்ந்து, கழுத்து முன்னால் நீண்டு, ஒரு கால் தானாக மடங்கிக்கொள்ளும். அப்போதுதான் டேப்பை வெளியே எடுப்பாள்.

அன்று நான்காவது வீடு. மாலை நாலு மணி. ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வரும் புகார்களுக்குப் பதில் தட்டச்சு செய்யும் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். வலது கட்டைவிரலும் இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன, டம்ளர் நழுவுகிறது என்று நிறுவனத்துக்கு எழுதியிருந்தாள். அதன்பேரில்தான் இந்த ஆய்வு.

முன்னறையில் நல்ல மேசை, நல்ல நாற்காலி, மேசைமேல் மடிக்கணினி. எல்லாம் பாடப்புத்தகத்தில் போட்ட படம் மாதிரி இருந்தது. அந்தப் பெண் உட்கார்ந்தபோது மட்டும் பாதம் தரையைத் தொடவில்லை. நாற்காலி யாரோ நெட்டையான ஆளுக்காக உயர்த்தி வைத்தது. வேலை செய்யச் சொல்லிவிட்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள். பன்னிரண்டாவது நிமிஷத்தில் திரை அணைந்துபோனது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

சார்ஜர் எங்கே என்று நாற்காலிக்காரம்மா கேட்டாள். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. முன்னறையில் இருந்த ஒரே ப்ளக் கருகிக் கிடந்தது.

உள்ளறையிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. "சார்ஜர் இங்க என் தலைமாட்டுல இருக்கு. அவங்களை உள்ள கூட்டிட்டு வா. எத்தனை நேரம்தான் மாடிக்காரர்கிட்ட இரவல் வாங்கின மேசை நாற்காலியில உக்காந்து நடிப்பே?"

அண்ணன். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. சக்கரம் வைத்த கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார். தலை கதவுப் பக்கம், கால் ஜன்னல் பக்கம். கட்டிலின் குறுக்கே அவருக்குச் சாப்பாடு வைக்கிற பலகை. பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல். பலகையின் ஓரத்தில் மணிக்கட்டு உரசி உரசிப் பெயின்ட் போயிருந்தது. வேலை நடக்கிற இடம் இதுதான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என்னையும் அளந்து எழுதிக்கங்கம்மா," என்றார் அவர். "மேசைக்கு ஒரு கால் நான்தான்."

தங்கை சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அண்ணனுக்குச் சளி அடைத்துக்கொண்டால் குரல் வராது, முகம் சிவப்பதுதான் அடையாளம். அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகத்தான் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள், காரணத்தைச் சொல்லாமல். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்றாவது கேள்வி: வேலை செய்யும் அறையில் பராமரிப்பு தேவைப்படும் நபர் உண்டா? உண்டு என்று எழுதினால் பதினைந்து நாளில் அனுமதி ரத்தாகும். அலுவலகத்துக்குப் போக வேண்டும். அண்ணனுடன் இருக்க வேறு ஆள் இல்லை.

"எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டுப் போயிடுங்கக்கா. கையைப் பத்தி நான் தெரியாம எழுதிட்டேன்."

"டம்ளர் நழுவுதுன்னீங்களே."

"நழுவட்டும். இன்னொரு கை இருக்குல்ல."

நாற்காலிக்காரம்மா பையை இறக்கி வைத்தாள். இந்தப் பதினொரு வருஷத்தில் எத்தனையோ பேர் அவளிடம் பொய்யாக உட்கார்ந்திருக்கிறார்கள். படிவத்தில் அவள் ஒரு பொய்யும் எழுதியதில்லை. நல்லவள் என்று பேர் வாங்குவதற்காக அல்ல. ஒரு எண்ணை மாற்றினால் அதற்கேற்ப மற்ற எண்களையும் மாற்ற வேண்டும், யார் உட்கார்ந்து அத்தனையும் யோசிப்பது என்ற அலுப்புதான். இப்போது உண்மையை எழுதினால் இவள் வேலை போகும். எல்லாம் சரி என்று எழுதினால் கை போகும். ஒரு கையால் கடிதம் அடித்துவிடலாம், அண்ணனைப் புரட்டிப் படுக்க வைக்க முடியாது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தேவலை என்றிருந்தது.

முதல் மூன்று பக்கங்களை ஸ்டூலையும் சாப்பாட்டுப் பலகையையும் வைத்தே நிரப்பினாள். அந்தப் பெண்ணை அங்கே உட்கார்ந்து வேலை செய்ய வைத்து, முதுகின் திருகலை, இடது பக்கம் ஒடிந்த கழுத்தை, தூக்கிப் பிடித்த தோளை அளந்தாள். மதிப்பெண் ஒன்பது வந்தது. புது மேசை நாற்காலி வர ஆறு வாரம் ஆகும்.

கடைசிப் பக்கத்தை ஆய்வு முடிந்து கிளம்புகிறபோதுதான் நிரப்ப வேண்டும் என்று விதி. கிளம்பும்போது அறை எப்படி இருக்கிறதோ அப்படி. அவள் எழுந்து கதவு நிலைக்குப் போய் நின்றாள். ப்ளக், நிலையை ஒட்டிய உள்சுவரில் இருந்தது. முன்னறையில் நிலைப்படிக்கு நேரே மேசையைப் போட்டால் வயர் எட்டும். அங்கிருந்து பார்த்தால் அண்ணனின் உச்சந்தலைதான் தெரிந்தது.

கட்டிலைக் குறுக்காக மூலைக்கு மூலை அளந்தாள். இருநூற்றுப் பத்தொன்பது சென்டிமீட்டர். அறையின் அகலம் இருநூற்று முப்பது.

"திரும்பும்," என்றாள்.

தலையை ஜன்னல் பக்கம் வைத்தால் முகம் கதவைப் பார்க்கும். அதைச் சொன்னபோது தங்கை அண்ணனைப் பார்த்தாள். அந்த ஜன்னல் ஒன்றுதான் அவருக்கு உலகம். அதில் என்ன தெரிகிறது என்று நாற்காலிக்காரம்மா எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, இரண்டு துணிக்கொடி, ஒரு துண்டு வானம்.

"பதினாலு மாசமாப் பார்த்தாச்சு," என்றார் அவர். "அந்தத் தொட்டி நிறைஞ்சு வழியும், எதிர்வீட்டுக்காரன் வந்து மோட்டாரை நிறுத்துவான். அவ்வளவுதான் கதை. திருப்புங்க."

ஆய்வாளர் எந்தப் பொருளையும் நகர்த்தக் கூடாது, யோசனை மட்டும் சொல்லலாம். அதுவும் விதிதான். அவள் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தாள். பாதி வழியில் ஒரு சக்கரம் தரையோட்டின் இடுக்கில் சிக்கியது. தூக்கி விட்டபோது தோளிலிருந்து முழங்கைவரை ஒரு நெருப்பு இறங்கியது. சத்தம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். "ஓட்டுநரே, மெதுவா," என்றார் கட்டிலில் இருந்தவர். தங்கை இப்போது சிரித்தாள், அழுகிற மாதிரி.

மாடிக்காரரிடம் நாற்காலிக்காரம்மாவே போய்க் கேட்டாள். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாததால் படிவத்தைப் படிப்பது போலக் கேட்டாள். மேசை ஆறு வாரம் இருக்கட்டும், துவைத்த துணியைக் குவித்து வைக்கத்தானே அது என்றார் அவர். நாற்காலியை மட்டும் விடவில்லை. தன் இடுப்புக்கு அது இல்லாமல் ஆகாதாம். அவரே வந்து தூக்கிக்கொண்டு போனார்.

மேசையை நிலைப்படி ஓரம் போட்டு, ஓர் ஆள் ஒருக்களித்து உள்ளே போய்வர இடம் விட்டார்கள். மேசையின் இரண்டு கால்கள் உள்ளறைக்குள் இருந்தன. அவள் குனிந்து பார்த்துவிட்டு இன்னும் ஒரு சாண் பின்னால் இழுக்கச் சொன்னாள். நான்கு கால்களும் முன்னறைக்கு வந்தன. ஸ்டூலின்மேல் போர்வையை மடித்துப் போட்டு உயரம் கூட்டினாள். கால்பலகையைப் பையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். அது மாதிரிக்காகக் கொடுத்தது, திருப்பித் தர வேண்டியது. அந்தப் பெண் உட்கார்ந்தாள். கை நேராக இருந்தது. நிமிர்ந்தால் அண்ணன் முகம் தெரிந்தது.

மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று நாற்காலிக்காரம்மா எழுதினாள். எழுதிவிட்டு மறுபடி நிலைப்படியைப் பார்த்தாள். தொலைபேசியில் யாராவது சரிபார்க்கக் கூப்பிட்டால் முன்னறையில் வேலை செய்கிறேன் என்று சொல்லச் சொன்னாள். அதில் பொய் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள், யாருக்காகச் சொல்கிறோம் என்று தெரியாமல்.

கையெழுத்துப் போடும்போது பேனா அந்தப் பெண்ணின் விரலில் நிற்கவில்லை. இரண்டாவது தடவை அழுத்திப் பிடித்துப் போட்டாள்.

"கை சரியாயிடுமாக்கா?"

அண்ணனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுசா ஆகாது," என்றாள் நாற்காலிக்காரம்மா. "அவரைத் தூக்கிப் புரட்டுற வரைக்கும் மரத்துப்போறது கொஞ்சம் இருந்துட்டுத்தான் இருக்கும். இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கலாம். அதுக்குத்தான் இவ்வளவும்."

தங்கை தலையாட்டினாள். திரை அணைந்தபோது பாதியில் விட்ட கடிதம் பாக்கி இருந்தது. மணிக்கட்டைத் தூக்காமல் அடிக்க ஆரம்பித்தாள். இரண்டு வரிக்கு ஒருமுறை நிமிர்ந்து உள்ளே பார்த்தாள்.

"என் மூஞ்சியில அப்படி என்ன எழுதியிருக்கு, வேலையைப் பாரு," என்றார் அண்ணன்.

நாற்காலிக்காரம்மா பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.