பொம்மைக்கு உடுப்பு மாட்டுகிறவர்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், இரண்டாவது வார்த்தையிலேயே எனக்கு மூச்சு முட்டிவிடும். ஜவுளிக்கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மைகளுக்கு உடுப்பு மாட்டுவதுதான் மாமாவின் வேலை. அதே கடையில்தான் அவர் கொழுந்தியாள் நானும் பில் போடுகிறேன். அதனால் அவருடைய பெருமைகளைத் தினமும் பார்க்கிற பாக்கியம் எனக்கு உண்டு. பொம்மைகள் எல்லாம் நெடுநெடுவென்று நிற்கும், மாமா அவற்றின் தோளுக்குக்கூட எட்டமாட்டார். எங்கே போனாலும் கையில் ஒரு மர ஸ்டூல். கடையில் அவருக்குப் பேரே 'ஸ்டூலு'தான்.

பொம்மைக்கு இடுப்பு என்று ஒன்று கிடையாது. எந்தப் பாவாடையை மாட்டினாலும் தொளதொளவென்று இறங்கும். மாமா முதுகுப் பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்து வரிசையாக ஊக்கு குத்துவார். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். ஸ்டூலை விட்டு இறங்கி, தள்ளி நின்று ரசித்துவிட்டு, "பாத்தியா, உசரம் இருந்தா கோணியைச் சுத்தினாலும் அழகுதான்" என்பார். மனிதர்களையும் அவர் அப்படித்தான் எடை போடுவார். உயரமானவன் வடிகட்டின முட்டாளாக இருந்தாலும் அவன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். குட்டையானவர்களைக் கண்டால் இளக்காரம். தான் என்னமோ பனைமரம் என்கிற நினைப்பு.

அப்பேர்ப்பட்ட மகானுக்கு ஒரே மகள். குறைமாதத்தில், உள்ளங்கையில் அடங்குகிற மாதிரிப் பிறந்தாள். நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது இந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி, "நீளம் எவ்வளவு?" என்பது. பிறகும் அவளுக்கு வயசுக்கேற்ற வளர்த்தி இல்லை. பள்ளிக்கூடத்தில் அவளைவிடச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் அவளைத் தாண்டி வளர்ந்தார்கள். வீட்டுக்கு யாராவது வந்தால், "நீ உள்ள போ" என்று அவளை விரட்டுவார். பெற்ற பிள்ளையை! கேட்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க மாமா, ஏன் வளரலன்னு அவங்க பாத்துச் சொல்லுவாங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன்.

"டாக்டர் என்ன, பிடிச்சு இழுத்தா விடுவாரு? நல்லா தின்னா தானா வளந்துட்டுப் போறா."

அதோடு ஆரம்பித்தது தீனி. டப்பாவில் உயரமான பிள்ளை படம் போட்ட ஏதோ ஒரு மாவு, அதைப் பாலில் கரைத்து, மேலே சர்க்கரையைக் கொட்டி, காலையும் மாலையும் டம்ளர் டம்ளராக. வயிறு நிறைந்துவிட்டது என்று அவள் சொன்னாலும் விடமாட்டார். ஓடி விளையாடினால் தின்றது கரைந்துவிடுமாம், அதனால் விளையாட்டும் கிடையாது. விளைவு என்ன? உயரம் இருந்த இடத்திலேயே இருந்தது, பிள்ளை பக்கவாட்டில் பெருத்தாள். கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை விழுந்தது. அழுக்கு என்று அக்கா தோல் சிவக்கத் தேய்த்தாள். புருஷனுக்கு ஏற்ற பெண்டாட்டி, வேறென்ன சொல்ல!

பதின்மூன்று வயதில் அவளுக்குத் தாகம் பிடித்துக்கொண்டது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், அடிக்கடி பாத்ரூமுக்கு ஓடினாள். எவ்வளவு தின்றாலும் பசி. நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படியே தூங்கிவிடுவாள். எல்லாவற்றுக்கும் மாமாவிடம் ஒரே பதில்: "வளர்ற பொண்ணு, அப்படித்தான் இருக்கும்." பிறகு மளமளவென்று இளைக்க ஆரம்பித்தாள். கன்னம் ஒட்டியது, கை கால் குச்சியானது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"சதையெல்லாம் உசரமா மாறுதுடி! கால் எவ்வளவு நீளமா ஆயிடுச்சு பாரு!" என்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவ்வளவு நாளும் மகளோடு தெருவில் நடக்கக் கூசியவர், இப்போது கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிவந்தார். பள்ளிப் பாவாடை அவள் இடுப்பில் நிற்கவில்லை. அதற்கென்ன, கைவசம்தான் தொழில் இருக்கிறதே! பொம்மைக்குச் செய்கிற மாதிரியே முதுகில் கொத்தாகப் பிடித்து ஊக்கு குத்திவிட்டார். ஒவ்வொரு வாரமும் கொத்து பெரிதானது. அந்தக் கிறுக்கு மனிதருக்கு அது ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

"மாமா, இது வளத்தி இல்ல. பிள்ளை உருகிட்டு இருக்கா. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாம், வாங்க."

"உனக்கு வயித்தெரிச்சல். என் பொண்ணு உன்னைத் தாண்டிடுவாளோன்னு பயம்!"

அக்காவிடம் போய்ச் சொன்னால், அவளும் புருஷன் பாட்டையே பாடினாள்.

புதுச் சரக்கு வந்த அன்று, கடையின் நீளக் கவுன் ஒன்றை அவளுக்கு மாட்டி, முதுகெல்லாம் ஊக்கு குத்தி, பொம்மைகளுக்கு நடுவே நிறுத்தினார். முதலாளி பார்த்து மெச்ச வேண்டுமாம். அவள் முகம் வெளிறிக் கிடந்தது. மூச்சு வேக வேகமாக வாங்கியது. நான் பில் மேஜையை விட்டு எழுந்திருப்பதற்குள் குமட்டி வாந்தி எடுத்து, பொம்மையின் காலடியில் சரிந்துவிட்டாள்.

மாமா பதறி ஓடிவந்தார். "ஐயோ, கவுன்! கடைத் துணி, கறை போகாதே!"

அவரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். பதின்மூன்று வயசுப் பெண்ணுக்குக் கனம் இவ்வளவுதானா இருக்கும்? கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. பாவி மனுஷா, பாவி மனுஷா என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போனேன்.

ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பிறந்ததிலிருந்து நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டு, அவளை அளந்தும் பார்த்த டாக்டர், இன்னும் தாமதித்திருந்தால் உயிரே போயிருக்கும் என்றார். "சின்னதாப் பிறந்து, வளத்தி குறைஞ்ச பிள்ளைங்க உடம்புல சீக்கிரமா எடையை ஏத்தினா சர்க்கரை வர்ற ஆபத்து ஜாஸ்தி. கழுத்துல கறுத்தப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே. இனி ஊசி போடணும், சாப்பாட்டைப் பாத்துப் பாத்துக் கொடுக்கணும்."

பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த மாமா குறுக்கே புகுந்தார். "ஊசி போட்டா வளத்தி நின்னுடாதே, டாக்டர்?"

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எந்த வளத்தி? உங்க பொண்ணு ஒரு விரல்கூட வளரலை. இளைச்சதால நீளமாத் தெரிஞ்சிருக்கா."

எப்போதும் வாய் ஓயாத மனிதர் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை, துளிகூட வரவில்லை.

ஊசி ஏற ஏறப் பிள்ளை தெளிந்தாள். பேச்சு வந்ததும் அவள் தலையைக் கோதிக்கொண்டே கேட்டேன். "ஏண்டி கண்ணு, இவ்வளவு தாகம், இவ்வளவு அசதி. சித்திகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கதவுப் பக்கம் பார்த்தாள். அப்பா இல்லை என்று தெரிந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு உடம்பு சரியில்லன்னு தெரியும் சித்தி. சொன்னா அப்பா என் கையை விட்டுடுவாரு."