ஏழாவது பெட்டியில் எஞ்சின்

போன ஞாயிறு திருப்பரங்குன்றத்தில் என் அக்கா மகள் கவிதா கிளினிக் திறந்தாள். வரவேற்புரை? வேறு யார்... தாய்மாமன் நான்தான்!

"மாமா, எங்க அத்தை ஊரெல்லாம் 'வெறும் காது டாக்டரு'ன்னே சொல்லிட்டுத் திரியுறாங்க. நான் என்ன டாக்டருன்னு மைக்ல முழுசாச் சொல்லுங்க. ஒரு தடவையாச்சும் அவங்க என்னைய அசந்து பாக்கணும்" என்றாள். அத்தை என்றால் அவள் மாமியார். வாடிப்பட்டிக்காரர்.

அந்த முழுசு என்ன? ஓடோரைனோலாரிங்காலஜிஸ்ட்! காது, மூக்கு, தொண்டை மூன்றையும் கிரேக்க மொழியில் கோத்துவிட்ட கூட்ஸ் வண்டி.

கவிதாவே பெட்டி பெட்டியாகக் கழற்றிக் கொடுத்தாள். ஓ-டோ-ரை-னோ-லா-ரிங்-கா-ல-ஜிஸ்ட். "ஏழாவதா வர்ற 'கா'வுலதான் மாமா எஞ்சினு. அங்க மட்டும் நல்லா அழுத்துங்க. மத்ததெல்லாம் லேசா ஓடிரணும்."

அழுத்துவதா? நாம் எல்லா எழுத்துக்கும் ஒரே கரண்டி சாம்பார் ஊற்றுகிற ஆட்கள். இங்கிலீஷ்காரன்தான் ஓரவஞ்சனை — பந்தியில் ஒரே ஒரு இலைக்கு மட்டும் நெய்!

ஆகவே 'கா' வரும்போது ஆள்காட்டி விரலை விறைப்பாகத் தூக்கிப் பழகினேன். விரல் ஏறினால் குரலும் ஏறியது. குளியலறையில், மொட்டை மாடியில், டவுன் பஸ்ஸில்... பக்கத்து சீட்காரர் எழுந்துபோய் நின்றுகொண்டார்.

விழா அன்று தவில்காரரிடம், "அண்ணே, ரிப்பன் வெட்டுற நேரத்துல நான் விரலைத் தூக்குவேன். ஒடனே கெட்டிமேளம்!" என்று ஏற்பாடு செய்த புத்திசாலியும் நானேதான்.

மைக்கைப் பிடித்தேன். ரிப்பன் முன்னால் கத்தரிக்கோலோடு மாமியார். அவர் காதோரமாய்த் தவில்.

"நம்ம கவிதா ஒரு... ஓடோரைனோலாரிங்... கா—"

விரல் ஏறியது. கெட்டிமேளம் இடியாய் இறங்கியது! மாமியார் படக்கென்று ரிப்பனை வெட்டினார். கூட்டம் கைதட்டியது. மிச்சம் இருந்த ரெண்டு பெட்டியும் தவிலுக்கு அடியில் நசுங்கிப்போயின. கவிதா என்னைப் பார்த்த பார்வை... அதை விடுங்கள்.

மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். "ஏ கவிதா, எங்காதுக்குள்ள இன்னும் மேளம் அடிக்குதுடி!"

முதல் பேஷன்ட்! கவிதா உள்ளே கூட்டிப்போய், லைட் அடித்துப் பார்த்து, கெட்டியாய் அடைத்துக் கிடந்த குறும்பியை எடுத்துவிட்டாள். மேளமும் மெல்ல அடங்கியது.

வெளியே வந்த மாமியார், வாடிப்பட்டி சொந்தங்களைப் பார்த்து ஒரு அதட்டல்: "ஏன் இம்புட்டுச் சத்தம்? மெதுவாப் பேசுங்கப்பா, எல்லாம் கணீர்னு கேக்குது. எம் மருமக காது டாக்டரு!"

அந்த 'எம்'மில் விழுந்தது பாருங்கள் அழுத்தம்... அதுவும் விரலே தூக்காமல்!