உப்பு பார்த்த எட்டு கிலோ

கல்யாணச் சமையல் தொழிலுக்குக் கையும் காலும் மட்டும் இருந்தால் போதாது, நாக்கும் வேண்டும். அந்த நாக்கு போகிற இடத்துக்கெல்லாம் வயிறும் கூடவே வந்துவிடும்.

என்னைப் போலவே எடையைக் குறைக்கிறேன் என்று சபதம் போட்டுவிட்டு, அடுத்த வீட்டுத் தாளிப்பு வாசனைக்குக் கண் கலங்குகிற அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் அஞ்சாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் இருந்துகொண்டு சுற்றுப்பட்டு ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் முப்பது வருஷமாகச் சமைக்கிறேன். எனக்குப் பின்னால் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். எல்லாருக்கும் நான் மாஸ்டரம்மா. வீட்டில் வீட்டுக்காரருக்கு மட்டும் "இந்தா, ஒன்னத்தான்".

போன ஆடி மாசம் கல்யாணம் எதுவும் இல்லாததால் முழங்கால் வலியைக் கவனிக்க நேரம் கிடைத்தது. விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். சின்ன வயசு, சிரித்த முகம். மெஷின் மேல் நிற்கவைத்தார், எண்பத்தாறு கிலோ. முட்டியைத் தொட்டார், நான் கத்திய கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மூன்று மாசத்தில் எட்டு கிலோ குறைக்கணும், இல்லையென்றால் அடுப்பை விட்டுவிடணும் என்றார். அடுப்பை விட்டுவிட்டு நான் எங்கே போவது? ஒன்பது பேர் எங்கே போவார்கள்? வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். டாக்டரம்மா சொன்னார்: "நின்னு சமைக்கணுமா, உக்காந்து சாப்பிடணுமா, ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணுங்கம்மா."

நாற்பத்திரண்டு மல்லாட்டை

காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கப் சோறு, ராத்திரி கேப்பைக் கூழ் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அதை அப்படியே கடைப்பிடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பருக்கை கூடுதலாகத் தின்னவில்லை. இரண்டு வாரம் ஆகியும் சேலைக் கொசுவம் ஒரு விரல்கூட அதிகம் வரவில்லை.

செல்வி என்று ஒருத்தி இருக்கிறாள். இருபது வருஷமாக என்கூட வேலை செய்கிறவள். என் வலது கை, ஆனால் வாய் மட்டும் அவளுடையது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கண்டாச்சிபுரத்தில் ஒரு கல்யாணம். அன்றைக்கு அவள் எனக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்திருக்கிறாள். நான் சாம்பாரில் உப்பு பார்க்க, ரசத்தில் புளிப்பு பார்க்க, பாயசத்தில் இனிப்பு பார்க்க என்று உள்ளங்கையில் ஊற்றி நக்குகிறபோதெல்லாம் ஒரு மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எடுத்துத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள்.

தாலி கட்டி முடிந்ததும் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்து எண்ணினாள். நாற்பத்திரண்டு. வடையை நான் பிய்த்துப் பார்த்தது இதில் சேர்த்தி இல்லை, அது அவள் தேங்காய் துருவப் போயிருந்தபோது நடந்தது. "உப்பு பாக்கறது தொழிலுடி, சாப்பாடு இல்ல" என்றேன். அவள் மல்லாட்டையை மடியில் அள்ளிக்கொண்டு சொன்னாள்: "அக்கா, நீங்க உப்பு பாத்த கணக்குல இந்நேரம் ஒரு பந்தி எழுந்து கை கழுவிக்கினு இருக்கும்."

கிராம்பு வைத்தியம்

அன்றைக்கே முடிவு பண்ணினேன். இனிமேல் உப்பு பார்ப்பது செல்வி. என் வாயில் ஒரு கிராம்பு. பசி எடுத்தால் கிராம்பைக் கடி, தண்ணியைக் குடி. இதை யார் சொன்னார்கள் என்று ஞாபகமில்லை. யாராக இருந்தாலும் அவர்கள் அண்டா பக்கத்தில் நின்றவர்கள் இல்லை.

அடுத்த கல்யாணத்தில் பத்து மணிக்குப் பசி வயிற்றில் இருந்தது. பதினோரு மணிக்குத் தலைக்கு ஏறியது. வெங்காயம் பெரிசாக நறுக்கியிருக்கிறது என்று ஒருத்தியைத் திட்டினேன். அவள் பொடியாக நறுக்கினாள்; பொடியாக நறுக்கியதற்கும் திட்டினேன். வாழையிலை ஏன் இவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று கேட்டதாகக்கூடச் சொல்கிறார்கள், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மத்தியானம் ஒன்பது பேரும் ஒன்றாகச் சேர்ந்து ஓரமாகப் போய் நின்றார்கள். வேலையை விட்டுப் போகப்போகிறார்களோ என்று எனக்குப் பகீரென்றது. செல்விதான் முன்னால் வந்தாள். கையில் ஒரு சொம்பு மோர். "இந்தாங்க அக்கா, பசிச்சா இதைக் குடிங்க. எங்களைக் கடிச்சித் திங்காதீங்க."

சமைத்தவள் தொடாத சோறு

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பந்தி எழுந்ததும் கல்யாண வீட்டுக்காரர் சமையல்காரரைக் கூப்பிட்டு, இலை போட்டு, தன் கையாலேயே பரிமாறுவார். சமைத்தவர் வயிறு நிறைந்தால்தான் அவருக்குத் திருப்தி. முப்பது வருஷமாக இந்த மரியாதையை நான் ஒரு நாளும் தட்டியதில்லை. அதுதான் எண்பத்தாறு.

ஆவணிக் கடைசியில் காணையில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா வந்து கூப்பிட்டார். "எனக்கு வேணாங்க, டாக்டரு சாப்பிடக் கூடாதுன்னுட்டாங்க" என்று சொன்னேன். பக்கத்தில் நின்றவர் காதில் பாதிதான் விழுந்திருக்கிறது போல. கொஞ்ச நேரத்தில் செல்வி மூச்சிரைக்க ஓடிவந்தாள். இரண்டாவது பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தரும் இலையில் கை வைக்கவில்லையாம். சமைத்தவளே சோற்றைத் தொடமாட்டேன் என்கிறாள், அண்டாவில் பல்லியோ என்னவோ என்று பேச்சு கிளம்பிவிட்டதாம்.

முப்பது வருஷப் பேர் ஒரு பந்தியில் போகப் பார்த்தது. ஓடினேன். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடினேன். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு எதிர் இலையில் உட்கார்ந்து, சோறு, சாம்பார், கூட்டு, வடை, பாயசம் என்று ஒன்று விடாமல் சாப்பிட்டேன். பந்தி மொத்தமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஏப்பம் விட்ட பிறகுதான் பெரியப்பா தன் இலையில் கை வைத்தார். போதும் என்று நான் இலையை மூடப்போனேன், தடுத்துவிட்டார். "மூடாதீங்க மாஸ்டரம்மா, அந்தக் கடைசி வரிசைக்கு இன்னும் நம்பிக்கை வரல. ஏம்பா, அம்மாவுக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊத்து."

புரட்டாசி பிரியாணி

புரட்டாசியில் மற்றவர்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்காரர்கள் வைப்பார்கள், மண்டபம் சுலபமாகக் கிடைக்கும். விக்கிரவாண்டிப் பக்கம் அப்படி ஒரு கல்யாணம். கோயிலில் பத்து மணிக்குப் பூசை, பன்னிரண்டுக்கு மட்டன் பிரியாணி.

தம் போடுகிற நேரத்தில்தான் தெரிந்தது, உப்பு பார்க்க ஆள் இல்லை. நான் வாயில் கிராம்போடு நிற்கிறேன். செல்வி புரட்டாசி மாசம் கவிச்சி தொடமாட்டாள். அவள் மட்டும் இல்லை, அன்றைக்கு வந்த ஒன்பது பேரும் புரட்டாசி. பிரியாணியைச் சுற்றி பத்துப் பேர் நின்றுகொண்டு ஒருத்தருக்கும் அதில் உப்பு இருக்கிறதா என்று தெரியாத பேஜாரு எங்களுக்கு மட்டும்தான் வரும்.

பெண்ணின் தாய்மாமன் அந்தப் பக்கமாகப் போனார். கூப்பிட்டு ஒரு தட்டு கொடுத்து, "உப்பு சரியா இருக்குதா பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றேன். நிதானமாகச் சாப்பிட்டார். கண்ணை மூடி யோசித்தார். சரியாகத் தெரியவில்லை, இன்னொரு தட்டு என்றார். கொடுத்தேன். அதையும் முடித்தார். பூசை முடிந்து மணி அடிக்கிறது, ஜனம் வருகிறது. "ஜல்தியா சொல்லுங்கண்ணே, உப்பு இருக்குதா இல்லியா?" மாமன் தட்டை நீட்டினார். "அவசரப்பட்டு சொல்ற விஷயமா இது மாஸ்டரம்மா? எலும்போட ஒரு தட்டு வைங்க, அதுல தெரிஞ்சிடும்."

ஜன்னல் சீட்டு

நடுவில் ஒரு நாள் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க விழுப்புரம் போயிருந்தேன். வெறும் வயிற்றோடு போகச் சொல்லியிருந்தார்கள், போனேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டு. பஸ் டோல்கேட்டில் நின்றதும் வெள்ளரிப் பிஞ்சு, அவித்த மல்லாட்டை, சுண்டல் எல்லாம் ஜன்னலுக்கே வந்துவிட்டன. நான் ஒரு வெள்ளரிப் பிஞ்சு வாங்கி, மிளகாய்த்தூள்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெருமையாகக் கடித்தேன்.

பக்கத்தில் என் வயசு அம்மா ஒருத்தி. என்ன விஷயம் என்று கேட்டாள், சொன்னேன். ரொம்ப நல்ல காரியம் என்றாள். வாயைக் கட்டினால் எல்லா வியாதியும் ஓடிவிடும் என்று அரை மணி நேரம் புத்தி சொன்னாள். சொல்லிக்கொண்டே ஒரு பொட்டலம் மல்லாட்டையை உரித்து முடித்து, சுண்டலைப் பிரித்தாள். என்னால் தாங்க முடியவில்லை, உங்களுக்கு ஒண்ணும் இல்லையா என்று கேட்டேன். அவள் சுண்டலில் கிடந்த மாங்காய்த் துண்டைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் சக்கரைதாங்க. வீட்ல வாயைத் தொறக்கறதே இல்ல, பஸ்ல வந்தா மட்டும்தான்."

மணியின் தராசு

எடை பார்க்க வீட்டில் மெஷின் இல்லை. திண்டிவனத்தில் நான் மளிகைக்குப் போகிற மண்டியில் மூட்டை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. எடை போடுகிறவர் பெயர் மணி, தங்கமான மனுஷன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலை முடிந்த கையோடு போய் அதன் மேல் ஏறி நிற்பேன். நம்பர் தெரிகிற பக்கம் அவர் பக்கம். அவர்தான் படித்துச் சொல்வார்.

முதலில் எண்பத்துநாலு என்றார். அப்புறம் எண்பத்திரண்டு. காணைப் பாயசத்துக்குப் பிறகும் எண்பத்தொன்று! ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு போய்க் கடைசியாக ஏறியபோது சொன்னார், எழுபத்தெட்டு. எட்டு கிலோ! தராசின் மேலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டேன். மண்டியில் மூட்டை தூக்குகிற ஆளுங்கள் எல்லாம் கை தட்டினார்கள். மணி சொன்னார்: "உங்களை மாதிரி சரக்கு நான் பாத்ததே இல்ல மாஸ்டரம்மா, வரவரக் கொறைஞ்சிக்கினே போவுது!"

கழிவு

டாக்டரம்மாவைப் பார்க்கிற அன்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு பொங்கல், இரண்டு வடை சாப்பிட்டேன். ஜெயித்தவள் சாப்பிடலாம் இல்லையா? சிரித்துக்கொண்டே மெஷினில் ஏறினேன். எண்பத்தொன்று என்றார்.

உங்க மெஷின் தப்பு என்றேன். நம்பவில்லை என்றால் கேளுங்கள் என்று அங்கேயே மணிக்குப் போன் போட்டு, சத்தமாக வைத்தேன். மணி வெள்ளந்தியாக விளக்கம் சொன்னார். "தராசு காட்டனது எண்பத்தொண்ணுதாங்க. சாக்குக்குக் கழிக்கற மாதிரி பொடவைக்கு ஒரு கிலோ கழிச்சேன். மழைல நனைஞ்சி வந்தீங்க, ஈரத்துக்கு ரெண்டு கிலோ. எந்த மூட்டை வந்தாலும் அப்டித்தாங்க போடுவேன்."

டாக்டரம்மா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பு போச்சு, ஒன்பது பேர் போச்சு, இனிமேல் "இந்தா, ஒன்னத்தான்" மட்டும்தான் என்று கண்ணில் தண்ணி முட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து என் முட்டியை அழுத்தினார். நான் கத்தவில்லை. இன்னும் அழுத்தினார். அப்போதும் கத்தவில்லை. அஞ்சு கிலோவுக்கே முட்டி இவ்வளவு கேட்கிறதே, இன்னும் மூன்று மாசம் தருகிறேன், அடுப்புப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் போட்டுக்கொண்டு சமையுங்கள் என்றார். உப்பு செல்வியே பார்க்கட்டும் என்றார். எனக்கு உயிர் வந்தது.

கிளம்பும்போது என் போன் நம்பரை எழுதிக்கொண்டார். அவருடைய அண்ணனுக்குத் தை மாசம் கல்யாணமாம், நான்தான் சமைக்கணுமாம். சந்தோஷமாகக் கும்பிட்டேன். கதவு வரைக்கும் வந்தவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அன்னிக்கு மட்டும் இந்தச் சீட்டைப் பாக்காதீங்கம்மா, நீங்க உக்காந்து சாப்பிடலன்னா எங்க அப்பா ரெண்டாவது பந்தியே போடமாட்டாரு."

ஆக அன்பர்களே, எட்டு கிலோவில் அஞ்சைப் பட்டினி கிடந்து நான் குறைத்தேன், மீதி மூன்றும் இன்னும் மணியின் மண்டியில் கழிவாகத்தான் கிடக்கிறது.