இடப்பக்கம் விழுந்த பூ

போன வருடம் தை மாதம், ராணுவ வேலையை விட்டுவிடுவது என்ற முடிவோடுதான் லீவில் எங்கள் மலை ஊரான புதூர்நாட்டுக்கு வந்தேன். பதினோரு வருட சர்வீஸ். சிப்பாய்க்கு மேலே இருக்கும் நாயக் பதவிக்கான பயிற்சிப் பட்டியலில் இரண்டு முறை என் பெயர் வந்தது. இரண்டு முறையும் அடித்துவிட்டார்கள். எங்கள் ஹவில்தார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஜங்கிலி" என்பார். காட்டான் என்று அர்த்தம், நான் மலைவாசி என்பதால். ஜங்கிலிக்கு எதற்குத் தோளில் பதவிப் பட்டை என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். பாத்திரம் கழுவும் பட்டியலில் மட்டும் என் பெயர் தவறவே இல்லை.

அதிகாரிகளிடம் மூன்று முறை போய்ச் சொன்னேன். எங்கள் மலையில் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று வாயால் சொன்னால் போதும், அவர் கூட்டம் போட்டே ஆக வேண்டும். பட்டாளத்திலும் அப்படித்தான் என்று நம்பி ஒரு வருடம் காத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. சோறு இறங்கவில்லை. வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்ததும் எங்கள் கோயில் காளியம்மாவிடம் பூக் கேட்டேன். அவள் இரண்டு தோளிலும் பூ ஒட்டி வைப்பார்கள். வலது பூ விழுந்தால் சம்மதம், இடது விழுந்தால் வேண்டாம். "வுட்டுட்டு வந்துடட்டா தாயே?" என்று அழுதேன். இடது விழுந்தது. எனக்கு வந்ததே கோபம்! "நீயும் அவங்க பக்கந்தானா?" என்று அம்மனிடமே கத்தினேன். பூசாரி காதைப் பொத்திக்கொண்டார்.

என் மனைவி செல்வி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "வந்துடட்டான்னு கேட்டே, வேணான்னுட்டா. சண்ட போடட்டான்னு கேட்டியா நீ? கேளுய்யா!"

கேட்டேன். கும்பிட்ட கையை இறக்கும் முன்பே வலது பூ விழுந்தது.

மறுநாளே ஜீப்பில் மலையிறங்கி, திருப்பத்தூரில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். "எழுதிக் குடுத்தீங்களா?" என்றார்.

"வாயால சொன்னேங்க, மூணு வாட்டி."

"அதுக்கு இன்னா அத்தாட்சி?"

அவர் பொறுமையாகச் சொன்னார். முதலில் கமாண்டிங் ஆபீசருக்கு எழுத்தில் புகார். கொடுத்ததற்கு முத்திரையோடு நகல். பதில் இல்லையென்றால் மேலே அரசாங்கத்துக்கு முறையீடு. பழங்குடியினர் ஆணையத்துக்கும் எழுதலாம். எதுவும் நடக்கவில்லையென்றால் படைவீரர்களுக்கான தீர்ப்பாயம். "கோவத்துல வேலைய மட்டும் வுட்டுடாதீங்க. உள்ள இருந்துக்கினே கேளுங்க" என்றார். அம்மன் இடது பூவில் சொன்னதும் அதுதானே!

திரும்பிப் போய் எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டிக் கடிதம் கொடுத்தேன். அதற்கும் இல்லை. விடவில்லை, மேலே எழுதினேன். ஹவில்தார் மிரட்டினார். சட்டைப் பையில் இருந்த அம்மன் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். ஆடி மாதம் விசாரணை வைத்தார்கள். எனக்காக யார் வாயைத் திறப்பார்கள் என்று பயந்தேன். தமிழே தெரியாத இரண்டு சிப்பாய்கள், பஞ்சாபி ஒருவன், அசாம்காரன் ஒருவன், ஹவில்தார் என்னைச் சொன்னதாகக் காதில் விழுந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களை அனுப்பியது என் தாய் காளியம்மா. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கார்த்திகையில் நாயக் பயிற்சிக்கான புதுப் பட்டியல் வந்தது. அணிவகுப்பில் அதை வாசித்தவர் அதே ஹவில்தார். எட்டாவது என் பெயர். "வெள்ளையன்" என்று வாசித்தார். அவர் எங்களிடம் வந்த மூன்று வருடத்தில் முதல் முறை. சத்தமாக "ஹாஜர்" என்றேன். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

இப்போது எந்தச் சிப்பாய்ப் பையன் குறையென்று வந்தாலும் எழுதிக் கொடுத்தாயா என்றுதான் முதலில் கேட்கிறேன். காளியம்மாவை நம்புகிறவர்களே, உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அவளிடம் அழுது கேளுங்கள். இடது பூ விழுந்தால் கத்தாதீர்கள், அவள் உங்கள் பக்கத்தில்தான் நிற்கிறாள். எழுந்து போய் மனுவைக் கொடுங்கள். முத்திரை வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.