கதையைப் பாதியில் நிறுத்துகிறவன்

பள்ளி நூலகர் என்றால் புத்தகங்களோடுதான் வேலை என்று ஊர் நினைக்கிறது. எந்த டீச்சர் லீவு போட்டாலும் அந்த வகுப்பு மொத்தமும் நம் தலையில்தான் வந்து விழும் என்பது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சாவிக்கொத்து

ஹைதராபாத்தில், அல்வால் பக்கம் ஒரு பள்ளி. என்னோடு ரயிலேறி வந்தவர்கள் எல்லாம் அமீர்பேட் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஜாவா படித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் இந்த வேலையில் சேர்ந்தேன். கண்ணாடி அலமாரிகள் அத்தனையும் பூட்டிக் கிடந்தன. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் ஒரு புத்தகம்கூடத் தொலைந்ததில்லையாம். வெளியே போனால்தானே தொலையும்! முதல் நாளே எல்லாவற்றையும் திறந்தேன். ஆயா யாதம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"நக்கோ சார், வேணாம்! திறந்து வச்சா பிள்ளைங்க எடுத்துட்டுப் போயிடும்!"

என் குரல்

என் குரல் இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது. ஐந்தாம் வகுப்பின் இரைச்சலோ பஸ் நிறுத்தம் வரை கேட்கும். அதட்டத் தெரியாததால் கதை சொல்ல ஆரம்பித்தேன், அதே மெல்லிய குரலில். வீட்டுப் பெரியவர்களிடம் வாய்க்கதை கேட்டு வளர்ந்தவனுக்கு அது ஒன்றுதான் கைவசம். முன்வரிசை காதைத் தீட்டியது; பின்வரிசையை அதுவே அடக்கியது. ஒருவன் தொங்குகிற மரக்கிளை முறிகிறது, கீழே புலி நிற்கிறது என்ற இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டேன். மீதி அதில் இருக்கிறது என்று அர்த்தம்.

ராணுவக் குடியிருப்பிலிருந்து வரும் பவித்ரா தமிழ் வீட்டுப் பெண். ஆனால் நான் தமிழில் பேசினால் மூன்று மொழி கலந்து பதில் சொல்வாள். அன்று கோபமாக எழுந்து நின்றாள்.

"கைக்கு சார், எதுக்கு நிறுத்தினீங்க? அவனை மரத்துல தொங்க விட்டுட்டு நாங்க எப்படி மேத்ஸ் போடறது?"

வியாழக்கிழமை

பெற்றோர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் கேட்ட காலம். பிரின்சிபால் மேடம் கூப்பிட்டு, "உங்க ரூம்தான் பெரிசு. லேபுக்கு வேணும். புத்தகமெல்லாம் மாடிப்படிக்குக் கீழே போகட்டும்" என்றார். நூலகம் நடக்கிற அழகைத் தாளாளர் ஒரு தரம் பார்க்கட்டும் என்று கெஞ்சினேன். வெள்ளிக்கிழமை வருவார் என்றார்.

வியாழக்கிழமை விஷயத்தைப் பிள்ளைகளிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. புத்தகங்கள் படிக்கட்டுக்குக் கீழே போகப் போகின்றன என்று செய்தி பரவி, எல்லா வகுப்பும் கார்டோடு வரிசையில் நின்றது. நானும் பூரித்துப்போய் நாள் முழுக்க எழுதி எழுதிக் கொடுத்தேன். பள்ளி விட்டபின் நிமிர்ந்து பார்த்தால், அலமாரிகளில் வெறும் கண்ணாடி. யாதம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"நான் முதல் நாளே சொன்னேனா இல்லையா சார்?"

தாளாளர்

வெள்ளிக்கிழமை தாளாளர் உள்ளே வந்தார். பெரிய மனிதர், பெரிய குரல். "புத்தகமே இல்லாத லைப்ரரிக்கு எதுக்கய்யா இவ்வளவு இடம்?" என்று தெலுங்கில் கேட்டார். என் குரல் முதல் பெஞ்சைக்கூடத் தாண்டவில்லை.

அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு வந்தது, ஆளுக்கொரு புத்தகத்தோடு. "படிச்சியா, சும்மா தூக்கிட்டு வந்தியா? கதையைச் சொல்லு பார்ப்போம்" என்று பவித்ராவைப் பிடித்துக்கொண்டார். அவள் தெலுங்கில், மிக மெல்லிய குரலில் ஆரம்பித்தாள். தாளாளர் குனிந்தார். பிறகு குழந்தைகள் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆட்டுக்குட்டியைத் தேடிக் கிணற்றில் இறங்கிய சிறுமி, பாதி ஆழத்தில் அறுந்துகொண்டிருக்கும் கயிறு. பவித்ரா நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?" என்றார் தாளாளர். "அப்புறம் என்னம்மா ஆச்சு?"

பவித்ரா புத்தகத்தை மூடி அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல இருக்கு சார். ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க. பதினஞ்சு நாள்ல கொண்டாந்துடணும்."

கம்ப்யூட்டர்கள் மாடிக்குப் போயின, அறை எங்களுக்கே நின்றது, பிள்ளைகள் ஒரு புத்தகம் பாக்கியில்லாமல் திருப்பித் தந்துவிட்டார்கள். தாளாளர்தான் இன்னும் தரவில்லை.