என் பெயரில் ஒரு வரி

கண்டி நகரில் உள்ள ஒரு பெண்கள் ஆலோசனை நிலையத்துக்கு, அங்கே பதிவாகும் பேச்சுகளைப் பூட்டிவைக்கும் மென்பொருளை நான்தான் எழுதினேன். மனக்கஷ்டத்தோடு வரும் பெண்கள் சம்மதித்தால் மட்டும் ஒலிப்பதிவு செய்வார்கள். ஆலோசகர் மிஸ் அதைப் பிறகு மறுபடி கேட்பார். வேறு யார் காதிலும் அது விழக்கூடாது. எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

முறை எளிது. ஒவ்வொரு பதிவுக்கும் இணையத்தில், கிளவுடில் உள்ள சாவிச் சேவையிடம் புதிதாக ஒரு சாவி கேட்போம். அது ஒரே சாவியை இரண்டு விதமாகத் தரும். ஒன்று அப்படியே பாவிக்கக்கூடியது. மற்றது சேவையின் தலைச்சாவியால் மூடப்பட்டது. முதலாவதால் பதிவைப் பூட்டிவிட்டு அதை உடனே அழித்துவிட வேண்டும். மூடிய சாவி பதிவோடேயே கிடக்கும், களவு போனாலும் பிரயோசனமில்லை. மறுபடி கேட்க வேண்டுமென்றால் அதைச் சேவைக்கு அனுப்பித்தான் திறந்து வாங்க முடியும். சாவியை உண்டாக்கினாலும் திறந்தாலும், யார், எப்போது, எந்தப் பெண்ணின் பதிவு இலக்கத்துக்கு என்று சேவை ஒரு வரி எழுதிவைக்கும். மாதாமாதம் அந்த வரிகளைப் பார்த்து அறிக்கை கொடுப்பதும் நான்தான். நான் வேலை செய்வது சின்னக் கந்தோர், எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்.

தெல்தோட்டையில் இருக்கும் என் அக்காவை அந்த நிலையத்துக்குப் போகச் சொன்னதும் நான்தான். ஆள் மெலிந்து, தூக்கம் கெட்டுப்போயிருந்தாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். கணவருக்குக் கொழும்பில் வேலை. முதல் புதன்கிழமை பஸ்ஸில் வந்து, அம்பிட்டியவில் என் போர்டிங் அறையில் சற்று உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பூட்ட நீதான் செஞ்சதாமே. நம்பிப் பேசலாமா?"

"பேசுக்கா. என்னாலகூட தொறக்க ஏலாது."

அது பொய். சோதித்துப் பார்ப்பதற்காகத் திறக்கும் அனுமதியை எனக்கே கொடுத்து வைத்திருந்தேன். வேலை முடிந்ததும் அதை நீக்கியிருக்க வேண்டும், நீக்கவில்லை. அவளுக்குத் தைரியம் சொல்லத்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்று புதன்கிழமைகள் போனாள். ஒவ்வொரு முறையும் கண் வீங்கி வந்து, என் அறையில் முகம் கழுவிவிட்டு, வாய் திறக்காமல் பஸ் ஏறினாள். மூன்றாவது முறைக்கு அடுத்த நாள், கந்தோரில், பட்டப்பகலில், அவளுடைய பதிவின் சாவியைத் திறந்தேன். நிலையத்தில் அவளுக்குக் கொடுத்த துண்டில் பார்த்த இலக்கம் ஞாபகம் இருந்தது. அக்கறை என்று சொல்லிக்கொள்ளலாம். பாதிதான் அக்கறை. மீதி, என்னிடம் சொல்லாததை வேறொருத்தியிடம் சொல்கிறாளே என்ற எரிச்சல்.

முதல் நிமிடத்திலேயே அக்காவின் குரல்: "தங்கச்சியாலகூட தொறக்க ஏலாதாம் மிஸ். அதனாலதான் சொல்றேன்."

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வெட்கங்கெட்டவள், கடைசி வரை கேட்டேன். வயிற்றில் தங்கிய பிள்ளை மூன்றாம் மாதம் கலைந்திருக்கிறது. தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறாள். கணவருக்கும் தெரியாது. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள நினைத்தேன். ஆனால் எந்த முகத்தோடு போவது?

அடுத்த ஞாயிறு அவள் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்தார். கல்யாணமாகி நாலு வருசமாச்சு, இன்னும் என்ன யோசனை என்று அக்காவைச் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

"அவ பட்டது தெரியாம பேசாதீங்க," என்று சொல்லிவிட்டேன்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. பிறகு ஊற்றி முடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். மழையைப் பற்றிப் பேசி அவரை அனுப்பிவைத்தாள். நான் கிளம்பியபோது பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தாள்.

"என்னாலகூட தொறக்க ஏலாதுன்னியே," என்றாள்.

குரலில் கோபமில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

மாத முடிவில் வரிகளைப் பார்த்தேன். அக்காவின் இலக்கத்துக்கு மூன்று சாவிகள் உண்டாகியிருந்தன. மூன்றையும் மிஸ் திறந்திருந்தார். கடைசிச் சாவியைத் திறந்ததற்கு என் பெயரிலும் ஒரு வரி இருந்தது. அதற்குப் பிறகு அந்த இலக்கத்துக்கு யாரும் சாவி கேட்கவில்லை. வழக்கத்துக்கு மாறாக எதுவுமில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

எனக்கிருந்த திறக்கும் அனுமதியை அன்றுதான் நீக்கினேன். அக்காவிடம் நான் சொன்னது இப்போது உண்மை. அவள்தான் பேச வருவதில்லை.