அவள் விடாமல் பிடித்த கண்ணாடி

2005 வாக்கில், அப்பா ஓட்டிய பழைய காரைக் குரோம்பேட்டை வீட்டு வாசலில் நிறுத்தி நானே பழுது பார்த்துவந்தேன். அதன் கதவு ஜன்னலுக்கான கண்ணாடி எங்கும் கிடைக்காமல், ஒரு வருடம் அலைந்து ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். அதைப் பொருத்தும்போது பிடித்துக்கொள்ள மனைவியைக் கூப்பிட்டேன்.

"என் கையைக்கூட நீங்க இவ்வளவு பதமா பிடிச்சதில்ல," என்று நான் கண்ணாடியை ஏந்தியிருந்த விதத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

கதவின் மேலிருக்கும் இடுக்கு வழியாகக் கண்ணாடியை இறக்க வேண்டும். அவள் மேலே பிடித்திருக்க, நான் கதவுக்குள் கைவிட்டு அடியில் திருகாணிகளை முடுக்கினேன். ரப்பரில் தடவிய சோப்புத் தண்ணீரில் கண்ணாடி வழுக்கியது.

"விட்டுடாதே!" என்று கத்தினேன்.

"விடல. நீங்க சீக்கிரம் முடிங்க."

அவள் குரல் மாறியிருந்தது. ஆனாலும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலையை முடித்து எழுந்தபோது கண்ணாடியில் ரத்தம் வழிந்திருந்தது. மூளியாக இருந்த ஓரம் அவள் உள்ளங்கையைக் கிழித்திருந்தது.

"விட்டிருக்கலாமே!" என்றேன்.

"போன மாசம் ஹெட்லைட்டைக் கீழ போட்டதுக்கே ஒரு வாரம் எங்கூடப் பேசல. இதையும் உடைச்சா எத்தனை மாசமோ?"

கேலியாகத்தான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த ஒரு வாரம் நான் சும்மா இருந்ததாகவே நினைத்திருந்தேன். அவளோ அதற்குப் பயந்து, கை கிழிந்த பிறகும் பிடியை விடவில்லை.

தையல் போடும்போது நர்ஸ், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"என் அஜாக்கிரதைதான்," என்றாள்.

பக்கத்தில் நின்ற நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.